சீட்டில் 'ஹை ரிஸ்க்' என்று எழுதியிருந்தால் என்ன செய்வது

தேவனாம்பட்டினத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அம்மாவுக்கு 52 வயது. ஒரு நாள் கூடையைத் திண்ணையில் இறக்கிவிட்டு, சுருக்குப் பைக்குள்ளிருந்து நாலாக மடித்த சீட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

"நர்சம்மா, எனக்கு ஒண்ணும் பயமில்லன்னு எழுதியிருக்காங்களாம். அப்புறம் ஏன் உள்ளங்காலு இப்படி மதமதன்னு இருக்குது?"

சுகர், பி.பி., புற்றுநோய் இவற்றுக்கு யாரை முதலில் பரிசோதிப்பது என்று பார்க்க எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. ஆறு கேள்வி, எதிரே மார்க், அடியில் கூட்டுத்தொகை 4.

கடலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் 31 வருஷம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்துவிட்டு, இப்போது திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். இது மாதிரி சீட்டுகளை ஆயிரக்கணக்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வாங்கிப் போனவர்கள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். சிலர் தூக்கம் கெட்டுப் போவார்கள், சிலர் பாஸாகிவிட்ட மாதிரி சந்தோஷமாகப் போவார்கள். இரண்டு பேருக்குமே அந்தச் சீட்டைப் படிக்கச் சொல்லித்தர எனக்கு அப்போது நேரம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

முதலில், அது எதற்கு எழுதப்படுகிறது என்பது. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது கணக்கு. ஒரே நாளில் அத்தனை பேருக்கும் பி.பி. பார்த்து, சுகர் பார்த்து, வாய் திறந்து பார்க்க முடியாது. யாரை முதலில் கூப்பிடுவது? அந்த வரிசையைப் போடத்தான் வகை பிரிக்கிறார்கள். 'ஹை ரிஸ்க்' என்றால், உங்களைப் போன்ற வயது, பழக்கம், உடல்வாகு உள்ள 100 பேரை எடுத்தால், மற்ற 100 பேரைவிட அதில் அதிகம் பேருக்கு நோய் வரும் என்று அர்த்தம். அந்த 100-ல் யாருக்கு வரும் என்பது சீட்டுக்குத் தெரியாது. எழுதுகிற நர்சுக்கும் தெரியாது.

மார்க்கை நீங்களே கூட்டிப் பாருங்கள்

சுகர், பி.பி., புற்றுநோய் இவற்றுக்காக நாடு முழுக்கப் பயன்படும் மதிப்பீட்டுப் படிவத்தில் ஆறே கேள்விதான். வயது 30 முதல் 39 வரை 1 மார்க், 40-களில் 2, 50-களில் 3, 60-க்கு மேல் 4. பீடி, சிகரெட், புகையிலை எதுவும் எப்போதுமே தொட்டதில்லை என்றால் 0, முன்பு இருந்தது அல்லது இப்போது எப்போதாவது என்றால் 1, தினமும் என்றால் 2. தினமும் குடிப்பவருக்கு 1. இடுப்புச் சுற்றளவு பெண்ணுக்கு 80 செ.மீ. வரை 0, 81 முதல் 90 வரை 1, அதற்கு மேல் 2. ஆணுக்கு இதே மார்க் 90, 100 என்ற அளவுகளில். வாரத்துக்கு 150 நிமிஷமாவது உடல் அசைகிற வேலை இல்லையென்றால் 1. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்காவது சுகர், பி.பி., இதய நோய் இருந்தால் 2. கூட்டுத்தொகை 4-க்கு மேலே போனால் பரிசோதனை நாளுக்கு முதலில் வரச் சொல்ல வேண்டும்.

மீன்காரம்மாவின் சீட்டில் வயதுக்கு 3, இடுப்பு 84 என்பதால் 1, மற்றதெல்லாம் 0. மொத்தம் 4. கோட்டைத் தொட்டுவிட்டு நின்றுவிட்டது.

நான் மறுபடியும் கேட்டேன். "புகையிலை உண்டாம்மா?" "சேச்சே, அந்தப் பழக்கமெல்லாம் இல்ல." "வெத்தல போடுவீங்களே, அதுல என்ன வெப்பீங்க?" "அதுல ஒரு துண்டு போயல வெப்பேன். அது வெத்தலதானே?" அதற்கு 2. "வீட்டுல யாருக்காவது சுகர்?" "எங்கம்மா அப்பாவுக்கு யாரு டெஸ்டு பண்ணது? தம்பிதான் மாத்திர சாப்புடுறான்." அதற்கு 2. இப்போது மொத்தம் 8.

பொய் சொன்னது யாருமில்லை. கேட்டவர் 'பீடி, குட்கா உண்டா' என்று கேட்டிருப்பார், 'அப்பா அம்மாவுக்கு உண்டா' என்று கேட்டிருப்பார். வெற்றிலைக்குள் இருக்கிற புகையிலையும், கூடப்பிறந்தவனின் சுகரும் அந்தக் கேள்வியில் விழவில்லை. படிவத்தில் 'தெரியாது' என்று ஒரு கட்டம் இல்லை, தெரியாததெல்லாம் 'இல்லை' ஆகிவிடுகிறது. கால் புண் ஆறாமலே செத்துப்போன பாட்டிக்கு என்ன நோய் என்று யாரும் பெயர் வைக்கவில்லை என்பதற்காக அந்தக் குடும்பத்தில் சுகர் இல்லை என்று ஆகிவிடாது. இதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும்: ஒவ்வொரு கேள்விக்கும் என்ன பதில் எழுதியிருக்கிறது என்று கேட்டு, தப்பு இருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். மூணு தெரு சுற்றிவிட்டு வந்தவர் அவசரத்தில் எழுதியிருப்பார், சொன்னால் திருத்துவார்.

அடுத்து, அந்தத் தாளைத் திருப்புங்கள். பின்னால் இன்னொரு பகுதி இருக்கிறது, அறிகுறிகள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, உள்ளங்கை உள்ளங்காலில் அடிக்கடி மதமதப்பு என்று பட்டியல் போகும். இதில் ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் மார்க் எதுவாக இருந்தாலும் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பதுதான் விதி. அந்த அம்மாவுக்குக் கூட்டல் கணக்கே தேவையில்லை. கால் மதமதப்பை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தாலே போதும். ஆனால் சீட்டு எழுதின நேரத்தில் அது அவருக்கு நோயாகவே தோன்றவில்லை, நாள் முழுக்க நடக்கிற காலுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

மஞ்சக்குப்பம் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்ததில் சுகர் இருந்தது. தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் ஆரம்பித்த பிறகு, மாத்திரை வீட்டுக்கே வந்துவிடுகிறது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்கிறார்.

இன்னொரு விஷயம். மார்க் 4-ஐத் தாண்டாவிட்டாலும், 30 வயது தாண்டிய யாரும் இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்கலாம். மார்க் வரிசையை மட்டும்தான் முடிவு செய்கிறது.

எடுத்த அளவு சரிதானா

இது நான் செய்த தப்பு, அதனால் சொல்கிறேன். வேலையில் சேர்ந்து ரொம்ப வருஷம் பெண்களுக்கு இடுப்பளவைப் புடவைக்கு மேலேயே எடுத்தேன். கொசுவமும் பாவாடை முடிச்சும் சேர்ந்தால் சில செ.மீ. கூடிவிடும். 79 இருப்பவர் 83 ஆகிவிடுவார். கூச்சப்படுவார்களே என்று நான் விட்டதால் எத்தனை பேர் தேவையில்லாமல் பயந்தார்களோ தெரியாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், வயிற்றை எக்காமல், டேப்பை இறுக்காமல் எடுக்க வேண்டும். வீட்டிலேயே தையல் டேப்பால் எடுத்துப் பார்க்கலாம்.

பி.பி.-யில் இன்னும் அதிகமாகத் தவறும். பஸ் பிடித்து ஓடி வந்து, வரிசையில் நின்று, உட்கார்ந்த உடனே கையைக் கொடுத்தால் யாருக்கும் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள். டீ, பீடி, வெற்றிலை ஆகி அரை மணி ஆகியிருக்கட்டும். பாதம் இரண்டும் தரையில் படட்டும், முதுகு சாய்ந்திருக்கட்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும், பட்டை சட்டைத் துணிக்கு மேலே வேண்டாம். இரண்டு தரம் பார்க்கச் சொல்லுங்கள். 140/90 என்பது இங்கே கோடு. ஒரே ஒரு தரம் 142 வந்ததை வைத்து யாரும் உங்களை வாழ்நாள் நோயாளி என்று எழுதிவிடக் கூடாது.

அந்தக் கோடே மனிதர்கள் உட்கார்ந்து பேசிப் போட்டதுதான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2017-ல் அமெரிக்க இதய மருத்துவர்கள் 130/80-ஐயே உயர் ரத்த அழுத்தம் என்று மாற்றினார்கள். அங்கே ஒரே நாளில் எத்தனையோ பேர் வேறு வகைக்குப் போனார்கள், உடம்பில் எதுவும் மாறாமலே. இடுப்பளவும் அப்படித்தான். அமெரிக்க ஆணுக்கு 102 செ.மீ., நம் ஆளுக்கு 90. உடல் எடைக் குறியீட்டில் உலகப் பொதுக்கணக்குக்கு 25-ல் ஆரம்பிக்கும் அதிக எடை, நமக்கு 23-லேயே ஆரம்பிக்கிறது. நம் ஊர் உடம்பில் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேர்வதும், ஒல்லியாகத் தெரிகிறவருக்கும் சுகர் வருவதும்தான் காரணம். சென்னையில் டாக்டர் மோகன் குழுவினர் 2005-ல் போட்ட இந்திய நீரிழிவு மதிப்பெண் இன்னொரு கணக்கு. அதில் 100-க்கு 60 வந்தால் ஹை ரிஸ்க். ஒரு தாளில் 5, இன்னொரு தாளில் 60 என்று வந்ததும் "பன்னெண்டு மடங்கு ஏறிடுச்சே" என்று அழுதுகொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். எந்தத் தாள், மொத்தம் எத்தனைக்கு, கோடு எங்கே என்று மூன்றையும் கேட்டால் போதும்.

வகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

எனக்கு ஒரு அளவுகோல் உண்டு. ஒருவரை ஒரு வகையில் போட்டால், அந்த வகைக்கென்று ஒரு வேலை நடக்க வேண்டும். ஒரு படுக்கை, ஒரு மாத்திரை, ஒரு வண்டி, ஒரு டாக்டர். எதுவும் நடக்கவில்லையென்றால் அந்தப் பெயரை அவர் தலையில் ஏற்றுவதற்கு நமக்கு உரிமை இல்லை.

நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன். காசநோய் என்று தெரிந்த அன்றைக்கே எல்லோரையும் வீட்டுக்கு மாத்திரையோடு அனுப்பியதில், உடம்பு உருகிப்போனவர்கள் முதல் மாதங்களிலேயே இறந்துகொண்டிருந்தார்கள். 2022-ல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. பெரிய லேப் எதுவும் வேண்டாம். உடல் எடைக் குறியீடு 14 அல்லது அதற்குக் கீழா? 16 வரை இருந்தாலும் இரண்டு காலும் வீங்கியிருக்கிறதா? மூச்சு நிமிஷத்துக்கு 24-க்கு மேலா, ஆக்சிஜன் 94-க்குக் கீழா? பிடிமானம் இல்லாமல் நிற்க முடியவில்லையா? இதில் ஏதாவது ஒன்று இருந்தால் அவரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். வகைக்கு நேர் எதிரே படுக்கை. உங்கள் வீட்டில் யாருக்காவது காசநோய் என்று சொன்னால், "எடை, காலு, மூச்சு, நிக்கிறது பாத்தீங்களா?" என்று நீங்களே கேளுங்கள்.

கர்ப்பிணிகளுக்கு ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி டாக்டர் பார்க்கும் திட்டம் 2016-லிருந்து இருக்கிறது. தாய் சேய் அட்டையில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். சிக்கல் எதுவும் தெரியவில்லையென்றால் பச்சை, ஹை ரிஸ்க் என்றால் சிவப்பு, கர்ப்பத்தால் வந்த பி.பி. என்றால் நீலம், சுகர், தைராய்டு போல வேறு நோய் கூட இருந்தால் மஞ்சள். ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7-க்குக் கீழே, ரெட்டைப் பிள்ளை, முன்னால் ஆபரேஷன் ஆன பிரசவம், இவையெல்லாம் ஹை ரிஸ்க் கணக்கில் வரும். சிவப்பு ஒட்டினால் மாமியார் வீட்டில் "ராசியில்லாத புள்ள" என்று பேசுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தச் சிவப்பு, நடுராத்திரியில் 108 வந்தால் எந்த ஆஸ்பத்திரிக்கு நேரே போவது என்று டிரைவருக்கும் நர்சுக்கும் சொல்வதற்கு. அதனால் ஸ்டிக்கர் ஒட்டும்போதே கேளுங்கள்: எந்த ஆஸ்பத்திரியில் பிரசவம்? எத்தனை நாள் முன்னாடி போய்ச் சேரணும்? ரத்தம் யார் கொடுப்பது? மூன்றுக்கும் பதிலை அட்டையிலேயே எழுதி வாங்குங்கள்.

இப்போது பச்சையைப் பற்றி. இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன்.

என் பகுதியில் ஒரு பெண், இரண்டாவது பிரசவம். ரத்தம் 11, பி.பி. சரி, பிள்ளை தலை கீழே. ஒன்பது மாதமும் பச்சைதான். பக்கத்திலேயே சுகப்பிரசவம் ஆனது. அரை மணி நேரத்தில் ரத்தப்போக்கு நிற்கவில்லை. வண்டியில் நான்தான் கூடப் போனேன். அடிவயிற்றை அழுத்திப் பிடித்தபடி, கெடிலம் பாலத்தில் நெரிசலில் நின்ற அந்தச் சில நிமிஷம் இன்னும் எனக்குள் இருக்கிறது. பிழைத்துவிட்டாள். அவள் கணவன் பிறகு என்னிடம் கேட்டான், "நீங்கதானே அக்கா பச்சைன்னு சொன்னீங்க?"

பிரசவத்துக்குப் பிந்திய ரத்தப்போக்கு, முன்கூட்டி எந்த அடையாளமும் காட்டாத பெண்களுக்கும் வரும். சிவப்பு அட்டைக்காரர்கள் சிலர், பச்சை அட்டைக்காரர்கள் பலர். ஒவ்வொருவருக்கும் ஆபத்து குறைவாக இருந்தாலும் எண்ணிக்கை அதிகம் என்பதால், பச்சையிலிருந்தும் கணிசமான பேர் வருவார்கள். மாரடைப்புக்கும் இதே கணக்குதான். இங்கிலாந்தில் ஜெஃப்ரி ரோஸ் என்ற மருத்துவர் 1980-களில் இதைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். அதனால் உங்கள் அட்டை பச்சை என்றால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அந்த மூன்று கேள்வியையும் நீங்களும் கேளுங்கள். ரத்தம் கொடுக்க இரண்டு பேரின் நம்பர் பச்சைக்காரர் வீட்டிலும் இருக்கட்டும்.

தேதியைப் பாருங்கள்

கொரோனா சமயத்தில் மாவட்டங்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தார்கள். 2020 மே 1 அன்று வெளிவந்த மத்திய அரசின் பட்டியலில் கடலூர் ஆரஞ்சு மாவட்டம். அந்த வாரமே கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை தூக்கப் போயிருந்த நம் மாவட்டத்து ஆட்கள் ஊருக்குத் திரும்பினார்கள், தொற்று மளமளவென்று ஏறியது. காகிதத்தில் ஆரஞ்சின் ஈரம்கூடக் காயவில்லை. எந்த வகையும் அதை எழுதின தேதிக்குத்தான் சரி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. திரும்பி வந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களில் நானும் ஒருத்தி. வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினோம். 14 நாள் முடிந்து, டெஸ்டும் நெகட்டிவ் வந்த பிறகும், 'கோயம்பேடு வீடு' என்ற பெயர் சில குடும்பங்களுக்குப் போகவே இல்லை. மளிகைக் கடையில் சாமான் கொடுக்கவில்லை, குழாயடியில் ஒதுங்கச் சொன்னார்கள். ஸ்டிக்கர் ஒட்டப் போன எங்களில் யாரும் அதைக் கிழிக்கப் போகவில்லை. நான் போயிருக்க வேண்டும். அப்படி ஒரு வகையில் உங்களை வைத்தால், எப்போது முடிகிறது என்று தேதி கேளுங்கள். முடிந்ததும் முடிந்தது என்று எழுதி வாங்குங்கள். அதை வாங்கித் தருவது அந்த நர்சின் வேலை என்று நான் சொன்னதாகவே சொல்லலாம்.

2021-ல் தடுப்பூசிக்கும் வரிசை போட்டார்கள். ஜனவரி 16-ல் மருத்துவப் பணியாளர்கள், மார்ச் 1-லிருந்து 60 வயது தாண்டியவர்களும், 45 முதல் 59 வரை உள்ளவர்களில் இணைநோய் உள்ளவர்களும். இணைநோய்க்கு டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்று வேண்டும். நியாயமான வரிசைதான். ஆனால் டாக்டரையே பார்த்திராதவருக்கு நோய் இருந்தும் சான்று இல்லை. மீன்காரம்மா மாதிரி ஒருவர் அந்த வரிசையில் நின்றிருக்கவே முடியாது. ஏற்கெனவே ஆஸ்பத்திரி கண்ணில் பட்டவர்களைத்தான் இது போன்ற வகைகள் முதலில் பார்க்கும். பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள் என்று நான் விடாமல் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கூட்டத்தின் பெயரால் பிரிப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. ரத்த தானத்துக்கான 2017 தேசிய வழிகாட்டுதல் திருநங்கைகளை மொத்தமாக ஒதுக்குகிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கும் போனது. ஒருவர் என்ன செய்தார், எப்போது செய்தார், பாதுகாப்போடு செய்தாரா என்று எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டு, ரத்தத்தையும் சோதித்துவிட்டு முடிவு செய்யலாம். அவர் யார் என்பதையே ரிஸ்க்காக எழுதினால், அடுத்த தரம் அவர் தன் வியாதியைச் சொல்லக்கூட நம்மிடம் வர மாட்டார். தெருக்கோடியில் குடியிருந்த ஒரு திருநங்கை தங்கச்சி, காய்ச்சலோடு ஒன்பது நாள் வீட்டிலேயே கிடந்தாள். "அங்க வந்தா மொதல்ல வேற கேள்வி கேப்பாங்கக்கா" என்றாள்.

தாள்களைப் பத்திரப்படுத்துவது

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபோதும், 2015 வெள்ளத்திலும், பல வீடுகளில் பழைய அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு எல்லாம் கூழாகிப் போயின. அதற்குப் பிறகு வந்த கர்ப்பிணிகளில் சிலருக்கு முந்தைய ஆபரேஷன் எதனால் ஆனது என்பதே தெரியவில்லை. வகை பிரிப்பது முழுக்க முழுக்கப் பழைய தகவலை வைத்துத்தான் நடக்கிறது. அது இல்லாவிட்டால் திரும்பவும் எல்லாம் 0 என்று எழுதிவிடுவார்கள்.

ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவர் ஒன்று வாங்குங்கள். பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தருகிற நம்பர்) உள்ள தாய் சேய் அட்டை, சுகர் பி.பி. நோட்டு, டிஸ்சார்ஜ் சீட்டு, மாத்திரைச் சீட்டு, இந்த ரிஸ்க் தாள் எல்லாம் அதில். வெளியே பளிச்சென்று தெரிகிற மாதிரி ஒரு வெள்ளைத் தாளில், அப்பா வழி, அம்மா வழி, கூடப்பிறந்தவர்கள் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் என்று எழுதி வையுங்கள். தெரியாததற்கு 'தெரியாது' என்றே எழுதுங்கள். எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். கவரை பரண்மேல் வைக்க வேண்டாம், அவசரத்தில் கை எட்டாது. எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால், ரேஷன் கார்டு பை தொங்குகிற அதே ஆணியில் தொங்குகிறது.